ஆத்தங்கரை ரோட்டுக்கு அலை வராது

லுவெல்லா: ...மூடி மட்டும் லேசா தூக்கிக்கிட்டு நிக்கும். மேல ஒரு செங்கல் வெச்சா சரியாயிடும்.

ஆர்லோ: போன வாரம் ரெண்டு செங்கல்னு சொன்னீங்க.

லுவெல்லா: ஒண்ணைக் கதவுக்கு முட்டுக் கொடுக்க எடுத்துட்டேன். இருக்கிற ஒண்ணும் ஃப்ரீசரோட சேராது. தனி விலை.

ஆர்லோ: நேயர்களே, இப்பதான் ரேடியோவைப் போட்டவங்களுக்காகச் சொல்றேன். இது ‘வாங்கலாம் விக்கலாம்’. நான் ஆர்லோ நோவசெக். போன்ல இருக்கிறது ஆத்தங்கரை ரோட்டு மிஸஸ் லுவெல்லா ஹான்சன். விக்கிறது, அதே ஃப்ரீசர்.

லுவெல்லா: ‘அதே’ன்னு ஏன் அழுத்திச் சொல்றீங்க?

ஆர்லோ: எங்க அழுத்தினேன்...

லுவெல்லா: அழுத்தினீங்க. என் அடுப்புலயே கேட்டுச்சு.

ஆர்லோ: அடுப்புலயா?

லுவெல்லா: அடுப்புக் குழாய்ல. உங்க டவர் என் வேலிக்கு அந்தப் பக்கம்தானே நிக்குது. எங்க வீட்ல இரும்பா இருக்கிற எல்லாத்துலயும் நீங்கதான் பேசறீங்க. என் வீட்டுக்காரர் ஹெரால்ட் உயிரோட இருந்தப்ப, முட்டை பொரிக்கும்போது அடுப்பைப் பார்த்து, ‘ஆர்லோ, கொஞ்சம் வாயை மூடு’ம்பாரு.

ஆர்லோ: நான் மூடினேனா?

லுவெல்லா: மூடல. மாட்டு விலை சொன்னீங்க. என் கோழிகள் எல்லாம் ஒமாஹா சந்தை நிலவரம் கேட்டு வளர்ந்ததுங்க. சோளம் விலை இறங்கினா முட்டை போடாதுங்க.

ஆர்லோ: சரி, ஃப்ரீசருக்கு வருவோம். பதினோரு வருஷமா வாராவாரம் கூப்பிடறீங்க. ஒருத்தர்கூடவா வந்து பார்க்கல?

லுவெல்லா: வந்தாங்க. போன வேட்டை சீசன்ல ஒருத்தர் வந்தாரு. மான் கறி வெக்கணும்னாரு.

ஆர்லோ: ஃப்ரீசர் அதுக்குத்தானே.

லுவெல்லா: ஆளோட முழி சரியில்ல. அனுப்பிட்டேன்.

ஆர்லோ: அதுக்கு முன்னாடி வந்த பாதிரியார்?

லுவெல்லா: அவரு பேரம் பேசல. பேரம் பேசாத ஆளை நான் நம்பறதில்ல.

ஆர்லோ: நேயர்களே, முழி நல்லா இருக்கணும், பேரமும் பேசணும். குறிச்சுக்குங்க. இப்ப அந்த அறிவிப்பை இன்னொரு தடவை படிச்சுடறேன், முதலாளி சொல்லியிருக்காரு. இன்னிக்கு மத்தியானத்தோட நம்ம நிலையம் தொள்ளாயிரத்து இருபது கிலோஹெர்ட்ஸ்லேருந்து கிளம்புது. நாளைக் காலையிலேருந்து ஆயிரத்து ஐநூத்து முப்பது. ரேடியோ முள்ளை வலது கோடியில முட்டற வரைக்கும் திருப்பி, அங்கேருந்து கொஞ்சம் பின்னால வாங்க.

லுவெல்லா: என் முள்ளு திரும்பாது.

ஆர்லோ: ஏன்?

லுவெல்லா: ஆடிச்சுன்னு ஹெரால்ட் பசை போட்டு ஒட்டிட்டாரு. சரியா உங்க மேலயே ஒட்டிட்டாரு. வாயை மூடுன்னு சொன்ன மனுஷன்.

ஆர்லோ: அப்ப புது ரேடியோ ஒண்ணு வாங்கணும்.

லுவெல்லா: ஃப்ரீசர் வித்ததும் வாங்கறேன்.

ஆர்லோ: அடுத்த லைன்ல யாரோ கூப்பிடறாங்க. மிஸஸ் ஹான்சன், நீங்க போனை வெச்சிடாதீங்க... வணக்கம், ‘வாங்கலாம் விக்கலாம்’.

டுவெய்ன்: நான்தான். டவர்கிட்டேருந்து.

ஆர்லோ: நம்ம இன்ஜினியர் டுவெய்ன், நேயர்களே. டுவெய்ன், நீ பேசறது ஒலிபரப்பாகுது.

டுவெய்ன்: தெரியும். நான்தானே ஒலிபரப்பறேன். இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?

ஆர்லோ: மத்தியானம் வரைக்கும். உனக்கும் அதைத்தானே சொன்னாங்க.

டுவெய்ன்: சரியா மத்தியானமா, இல்ல... ஒரு மாதிரி மத்தியானமா?

ஆர்லோ: என்னப்பா அவசரம்? கிடங்கு கட்டற ஆளுங்க வந்து நிக்கிறாங்களா?

டுவெய்ன்: அவங்க திங்கக்கிழமைதான். எனக்குப் பசி.

ஆர்லோ: பசிச்சா சாண்ட்விச் சாப்பிடு. ஸ்விட்ச்சுல கை வெக்காதே.

லுவெல்லா: அவரைத் திட்டாதீங்க, ஆர்லோ. காலையிலேருந்து வெயில்ல நிக்கிறாரு.

டுவெய்ன்: நன்றி, மிஸஸ் ஹான்சன். வெச்சிடறேன்.

ஆர்லோ: நல்லவன்தான். வயித்துக்குத்தான் இன்ஜினியர்.

லுவெல்லா: நிஜமாவே டவர் நிக்கிற அந்த வயலைக் கிடங்குக்காரங்களுக்கு வித்துட்டாங்களா, ஆர்லோ?

ஆர்லோ: வித்தாச்சு. முதலாளி என்ன சொல்றாருன்னா, டவர் நின்னுக்கிட்டுப் பேசறதைவிட டவர் இல்லாம நிலம் சும்மா கிடந்தாலே அதிகம் சம்பாதிக்குதாம்.

லுவெல்லா: கிடங்கு எவ்வளவு பெருசு?

ஆர்லோ: இந்தக் கோடியில நின்னா அந்தக் கோடி தெரியாதாம். உள்ள வேலை செய்றவங்க சைக்கிள்ல போவாங்களாம்.

லுவெல்லா: அதுக்குள்ள என்ன வெப்பாங்க?

ஆர்லோ: எல்லாம். ஃப்ரீசர்கூட.

லுவெல்லா: எனக்குப் போட்டியா?

ஆர்லோ: அங்க மூடி தூக்கிக்கிட்டு நிக்காது.

லுவெல்லா: அதுல என்ன சுகம்... சரி, புது டவர் எங்க நிக்குது?

ஆர்லோ: ஆத்துக்கு அந்தப் பக்கம், வேற ஒரு நிலையத்தோட டவர். அதுல ஓரமா நாமளும் ஏறிக்கறோம்.

லுவெல்லா: வாடகைக்குக் குடி போறீங்க.

ஆர்லோ: அப்படித்தான் வெச்சுக்குங்க. கீழ ஒரு பன்னிப் பண்ணை வேற.

லுவெல்லா: அந்தப் பன்னிகளுக்கு இனிமே சந்தை விலை தெரியும். பாவம், அதுங்க தெரிஞ்சுக்காம இருக்கிறதே நல்லது. ஆர்லோ, அங்கேருந்து இங்க வருமா? என் வீட்டுக்கு?

ஆர்லோ: அதாவது... கம்பெனி போட்ட வரைபடத்துல பார்த்தா, மாவட்டத்துல பெரும்பாலான...

லுவெல்லா: வரைபடத்தைக் கேக்கல.

ஆர்லோ: காத்து, மழை, மேகம்னு நிறைய இருக்கு. ராத்திரியில வேற மாதிரி, பகல்ல வேற மாதிரி...

லுவெல்லா: ஆர்லோ.

ஆர்லோ: ...

லுவெல்லா: என்ன, பேச்சைக் காணோம்?

ஆர்லோ: ஒண்ணுமில்ல. இங்க மேஜையில சின்னதா ஒரு விளக்கு அணைஞ்சுது.

லுவெல்லா: என்ன விளக்கு?

ஆர்லோ: சும்மா ஒரு பல்பு. பழசு. நேயர்களே, ‘வாங்கலாம் விக்கலாம்’ தொடர்கிறது, எங்கயும் போயிடாதீங்க.

லுவெல்லா: நான் எங்கயும் போகல.

ஆர்லோ: நல்லது. நல்லதுதான். என்ன கேட்டீங்க?

லுவெல்லா: வருமான்னு கேட்டேன்.

ஆர்லோ: வராது.

லுவெல்லா: அட. இப்பதான் வரைபடம், மேகம்னு பேசினீங்க.

ஆர்லோ: உண்மையைச் சொல்றேன். முந்தாநாள் புது டவர்லேருந்து சோதனை ஒலிபரப்பு விட்டாங்க. கார் ரேடியோவைப் போட்டுக்கிட்டு ஓட்டிப் பார்த்தேன். உங்க தபால் பெட்டி வரைக்கும் கரகரன்னு வந்துச்சு. அதுக்கப்புறம் சுத்தமா இல்ல.

லுவெல்லா: என் தபால் பெட்டிகிட்ட உங்களுக்கு என்ன வேலை?

ஆர்லோ: எல்லாத் திசையிலயும் ஓட்டிப் பார்த்தேன்.

லுவெல்லா: எல்லாத் திசையிலயும்?

ஆர்லோ: ...ரெண்டு திசையில.

லுவெல்லா: இன்னொரு திசை எது?

ஆர்லோ: திரும்பி வந்த திசை.

லுவெல்லா: ஓ.

ஆர்லோ: புதுசா பெயின்ட் அடிச்சிருக்கீங்க பெட்டிக்கு. நீலம். நல்லா இருக்கு.

லுவெல்லா: அப்ப, வாசல் வரைக்கும் வந்துட்டு வீட்டுக்குள்ள வராம போனது அலை மட்டும் இல்ல.

ஆர்லோ: எப்படி வர்றது? என்னன்னு சொல்லிக்கிட்டு கதவைத் தட்டறது?

லுவெல்லா: ஃப்ரீசர் பார்க்க வந்தேன்னு சொல்றது. ஊர்ல எல்லாரும் அப்படித்தானே வர்றாங்க.

ஆர்லோ: என் முழி சரியில்லைன்னு அனுப்பிட்டா?

லுவெல்லா: உங்க முழியை யாரு பார்த்தா? நான் உங்களை அடுப்புக் குழாயா மட்டும்தான் பழகியிருக்கேன்.

ஆர்லோ: போன வருஷம் சந்தையில பார்த்தோமே. பூசணிக்காய் போட்டியில. நீங்க மஞ்சள் தொப்பி.

லுவெல்லா: ஞாபகம் இருக்கா?

ஆர்லோ: தொப்பி மேல கோழி இறகு. நீதான் முதல் பரிசு வாங்கியிருக்கணும், அந்த நடுவருக்குக் கண்ணு...

லுவெல்லா: இப்ப என்ன சொன்னீங்க?

ஆர்லோ: நடுவருக்குக் கண்ணு தெரியலன்னு...

லுவெல்லா: அதுக்கு முன்னாடி.

ஆர்லோ: நீங்கதான்னு.

லுவெல்லா: ‘ங்க’வைக் காணோம்.

ஆர்லோ: லைன்ல விட்டுப் போயிருக்கும். பழைய கம்பி.

லுவெல்லா: ஊரே கேட்டுக்கிட்டிருக்கு, ஆர்லோ. பாத்துப் பேசுங்க.

ஆர்லோ: ஆமா. ஊரே கேக்குது. நேயர்களே, கேட்டுக்கிட்டுத்தானே இருக்கீங்க... அது என்ன சத்தம் உங்க பக்கம்? தட்டுல கரண்டி தட்டற மாதிரி?

லுவெல்லா: பூனை.

ஆர்லோ: பூனை கரண்டியில சாப்பிடுதா?

லுவெல்லா: பூனை தட்டுகிட்ட போகுது. கரண்டி அங்க இருக்கு. ஏய், போ அந்தப் பக்கம்.

ஆர்லோ: இப்ப இருமுதே.

லுவெல்லா: வயசான பூனை. பேச்சை மாத்தாதீங்க. நாளைலேருந்து எனக்கு என்ன வழி? அடுப்பு ஊமையாயிடும். கேட் ஊமையாயிடும். கோழிகளுக்கு நான் என்ன பதில் சொல்றது?

ஆர்லோ: நான் ஒண்ணு சொல்லட்டுமா?

லுவெல்லா: சொல்லுங்க.

ஆர்லோ: அந்த ஃப்ரீசரை நானே வாங்கிக்கறேன்.

லுவெல்லா: ...உங்களுக்கு எதுக்கு?

ஆர்லோ: எதுக்கோ.

லுவெல்லா: தனிக்கட்டை. உங்க பெண்டாட்டிதான் பல் வைத்தியரோட கலிஃபோர்னியா போய் எத்தனையோ வருஷமாச்சே. அதுல எதைப் போட்டு வெப்பீங்க?

ஆர்லோ: செங்கல்லை.

லுவெல்லா: பேரம் பேசலையே.

ஆர்லோ: பேசறேன். பாதி விலை.

லுவெல்லா: வெக்கமா இல்ல? பாதி விலைக்கு மூடி மட்டும்தான் வரும்.

ஆர்லோ: அப்ப முழு விலை, ஆனா தவணை. தினமும் மத்தியானம் நிகழ்ச்சி முடிஞ்சதும் அங்க வந்து, அன்னிக்கு யாரு எதை வித்தாங்க, மாடு என்ன விலை, சோளம் என்ன விலைன்னு ஒண்ணு விடாம சொல்லிட்டுப் போறேன். அலை வராத வீட்டுக்கு ஆளே வர்றேன்.

லுவெல்லா: கோழிகளுக்கும் சொல்லுவீங்களா?

ஆர்லோ: கோழிகளுக்குத்தான் முதல்ல.

லுவெல்லா: ஆர்லோ, அந்த ஃப்ரீசர்... அது ஓடாது.

ஆர்லோ: என்னது?

லுவெல்லா: நின்னு போய் வருஷக்கணக்காச்சு. உள்ள கோழித் தீவனம் வெச்சிருக்கேன்.

ஆர்லோ: அப்ப வாராவாரம் எதை வித்துக்கிட்டிருந்தீங்க?

லுவெல்லா: சும்மா கூப்பிட்டா போனை எடுப்பீங்களா? ‘வாங்கலாம் விக்கலாம்’னா கையில ஏதாவது பொருள் இருக்கணும்ல. வீட்ல இருந்ததுலயே யாரும் வாங்கிட்டுப் போகாத பொருள் அதுதான்.

ஆர்லோ: பாதிரியார் வாங்க வந்தாரே.

லுவெல்லா: அன்னிக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஆர்லோ: லுவெல்லா.

லுவெல்லா: ம்.

ஆர்லோ: கோவிச்சுக்காதே. ஒண்ணு சொல்லணும். நீ இப்ப சொன்னதை யாரும் கேக்கல. நான் சொன்னதையும்தான்.

லுவெல்லா: அப்படியா?

ஆர்லோ: அணைஞ்ச விளக்கு பல்பு இல்ல. நிலையமே போச்சு. அந்தப் பய டுவெய்ன் மத்தியானத்துக்கு முன்னாடியே அணைச்சுட்டான். அப்பவே சொல்லியிருக்கணும். சொன்னா நீ போனை வெச்சிடுவியோன்னு... நேயர்களேன்னு சும்மா சுவத்தைப் பார்த்துப் பேசிக்கிட்டிருந்தேன்.

லுவெல்லா: நல்லாத்தான் பேசினே.

ஆர்லோ: கோவம் இல்லையா?

டுவெய்ன்: ‘அந்தப் பய’ன்னதுல எனக்குத்தான் கொஞ்சம் கோவம்.

ஆர்லோ: டுவெய்ன்? நீ எங்கேருந்து பேசறே?

டுவெய்ன்: மிஸஸ் ஹான்சன் சமையலறையிலேருந்து. செர்ரிப் பழம் வெச்சுச் சுட்ட பை, மூணாவது துண்டு.

ஆர்லோ: அப்ப அந்தப் பூனை...

டுவெய்ன்: ஒரு செர்ரிக் கொட்டை தொண்டையில மாட்டிக்கிச்சு. நீங்க பேசுங்க, நான் காதைப் பொத்திக்கறேன். ஒரு கையாலதான் முடியும், இன்னொரு கையில கரண்டி.

ஆர்லோ: உன்கிட்ட மத்தியானம் வரைக்கும்னு எத்தனை தடவை சொன்னேன்? ஊருக்கு ஒரு கடைசி வணக்கம்கூடச் சொல்லல. எதுக்குய்யா அணைச்சே?

லுவெல்லா: அவரைத் திட்டாதேன்னு சொன்னேன்ல. நான்தான் அணைக்கச் சொன்னேன், ஒரு முழு செர்ரிப் பை சுட்டுத் தர்றேன்னு. பதினோரு வருஷமா ஊரே கேக்க உன்கூடப் பேசியாச்சு, ஆர்லோ. இன்னிக்கு ஒரு நாளாவது உனக்கு மட்டும் கேக்கற மாதிரி பேசணும்னு இருந்துச்சு.