ரெண்டாம் பக்கத்துத் தாய்மாமன்

தென்காசியிலிருந்து ஆலங்குளம் போகும் பேருந்து. சாரலுக்கு ஷட்டரை இறக்கிவிட்டிருந்தார்கள். எனக்கு முன் சீட்டில், மடியில் கல்யாணப் பத்திரிகைக் கட்டோடு பெண்ணின் தகப்பனார். பக்கத்தில் அதை அடித்துக் கொடுத்த கம்ப்யூட்டர் சென்டர்காரர்.

“தாய்மாமன் எப்படிலே ரெண்டாம் பக்கத்துக்குப் போனாரு?”

“நீங்க தந்த ஃபைல் காசு குடுத்து வாங்குத சாஃப்ட்வேர்ல அடிச்சது அண்ணாச்சி. நம்மகிட்ட இருக்கது இலவச சாஃப்ட்வேர். இதுல தொறந்தா சில பேரு அடுத்த பக்கத்துக்கு எறங்கிரும்.”

“பேரா எறங்குச்சு? எம் மச்சான்லா எறங்கிட்டாரு! ஆலங்குளத்துல உக்காந்துக்கிட்டு கல்யாணத்துக்கே வரமாட்டேங்காரு.”

“காசு குடுத்து வாங்குததுல உள்ள என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது. இதுன்னா யாரு வேணாலும் தொறந்து பாத்துத் திருத்திக்கிடலாம்.”

“சரி, ஆலங்குளம் வந்துட்டு. எறங்கி எம் மச்சானத் தொறந்து பாத்துத் திருத்து.”