பூசை இல்லாத வருஷங்கள்

பிறர் பேச்சை நான் ஒட்டுக் கேட்பதில்லை என்று சொன்னால் அது பொய். எண்பதுகளில் கிறிஸ்தவர்களின் ஒரு தவக்காலம். ஸ்ரீரங்கத்திலிருந்து பாலக்கரை போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு அண்ணனும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணனுக்குக் கைலாசபுரம் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் வேலை என்பது பேச்சிலேயே தெரிந்தது. திருவானைக்காவல் தாண்டியதும் அவர் சொன்னார்:

“ஜெரோமுக்கு எந்தெந்த வருஷம் பூசை கிடையாதுன்னு மெஷின்ல போட்டுப் பார்த்தேம்மா.”

“நினைவு நாள் பூசை ஏண்ணே கிடையாது? வருஷா வருஷம் வைக்கிறதுதானே?”

“இந்த வருஷம் அவன் போன தேதியில பெரிய வெள்ளி வருது. ஆண்டவர் மரிச்ச அன்னிக்கு எந்தக் கோயில்லயும் பூசை வைக்க மாட்டாங்கல்ல. ஃபாதர் வேற நாள் பார்த்துக்கலாம்னுட்டார். பெத்தவ இல்லையா, உங்க அண்ணி சோறே சாப்பிடலை.”

“அது வருஷத்துக்கு வருஷம் மாறுற நாளாச்சே.”

“பௌர்ணமியை வெச்சு வர்ற கணக்குதான். ஃபோர்ட்ரான் ப்ரோக்ராமா எழுதிட்டேன். இனிமே எப்பெப்ப இப்படி வரும்னு முன்னாடியே தெரிஞ்சா, அவ மனசைத் தேத்திக்குவான்னு நினைச்சேன்.”

“எதுவரைக்கும் போட்டீங்க?”

“நூறு வருஷத்துக்கு.”

பஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டியது. பிறகு அவர்தான் சொன்னார்:

“மெஷின்லேருந்து பேப்பர் வெளியில வந்தப்புறம்தான் உறைச்சுது. அத்தனை வருஷம் நாங்க எங்க இருக்கப் போறோம்? நாங்க போனப்புறம் எங்களுக்குப் பூசை வைக்கக் கேக்குறதுக்குன்னு இருந்ததே அவன் ஒருத்தன்தான்.”