சட்டைக்குள் ஒரு லைஃப் ஜாக்கெட்

ஞாயிற்றுக்கிழமை முதன்முதலாகக் கடலுக்கு மீன்பிடிக்கப் போகவேண்டும். சேலத்துத் தூண்டில் கடை வரிசையில் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றிருந்தேன். முன்னால் நின்றவர் கடைக்கார பாயிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"ஏனுங்க பாய், லைஃப் ஜாக்கெட்டு சட்டைக்குள்ள போடற மாதிரி வருதுங்களா?"

"மேல போடறதுதாங்க. உள்ள எதுக்கு?"

"எங்க மீன்புடி கிளப்புல கடலுக்குப் போறமுங்க. மச்சானுங்களும் வாரானுங்க, பாத்தா சிரிப்பானுங்க."

"நீச்சல் தெரியுமுங்களா?"

"போர் போடற தொழிலுங்க நமக்கு. ஆயிரம் அடி போனாலும் புழுதிதான் வருது. நீந்தறதுக்குத் தண்ணிக்கு எங்கீங்க போறது?"

"அப்ப பனமரத்துப்பட்டி ஏரியிலயே தூண்டி போடலாமுல்லங்க?"

"கல்யாண ஊட்டுல வெச்சு, சுறாவே புடிச்சிருக்கறன்னு சொல்லிப்போட்டனுங்க."

பாய் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். வாங்கியவர் சட்டையைக் கழற்றி, அதை மாட்டி, மேலே சட்டையை இழுத்து மூடினார். பொத்தான்கள் திணறின.

"எப்படியிருக்குதுங்க?"

"ஏழு மாசம் மாதிரி இருக்குதுங்க."

கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"செரி, இதையே குடுங்க. பெரிய சட்டையா ஒண்ணு எடுத்துக்கறன்."

அவர் நகர்ந்ததும் பாய் என்னைப் பார்த்தார். பார்வை என் சட்டையில் நின்றது. மேல் பொத்தான்கள் மூன்றை, உள்ளே போட்டுப் பார்க்க வசதியாக, நான் எப்போதோ அவிழ்த்திருந்தேன்.