மேல்கோடிக் கட்டை

பியானோவின் மேல் பூச்சாடி வைப்பவர்களோடு எனக்கு எப்போதும் ஒத்துப்போகாது. தண்ணீர் சிந்திவிடும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. எந்தக் கட்டையையாவது அழுத்தும்போது பூச்சாடியும் சேர்ந்து கிர்ரென்று அதிரும். வீட்டுக்காரர்கள் பியானோவைக் குறை சொல்வார்கள். நான் போய் ஒரு மணி நேரம் குடைந்து பார்த்துவிட்டு, பூச்சாடியைத் தூக்கி ஜன்னலோரம் வைத்துவிட்டு வருவேன். முப்பத்தோரு வருஷமாகப் பியானோவுக்குச் சுருதி சேர்ப்பதுதான் என் பிழைப்பு. உங்கள் இசைப்பள்ளி அரங்கில் இருக்கும் பெரிய பியானோவின் மேல் ஒரு நாளும் பூச்சாடி இருந்ததில்லை என்பதை இங்கே பாராட்டோடு குறிப்பிடுகிறேன்.

முதல்வர் அம்மா கேட்டது இதுவல்ல என்று தெரியும். மாணவர்கள் சொந்தமாக இயற்றியதை வாசித்த சனிக்கிழமை மாலை, அரங்கப் பியானோவில் பதினொரு கட்டைகள் ஏன் சுருதி விலகியிருந்தன, முந்தின நாள்தான் அதைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று விளக்கம் கேட்டிருக்கிறீர்கள். எழுத்தில் கேட்டதற்கு நன்றி. இப்போதெல்லாம் யாரும் வாயைத் திறந்து பேசுவதில்லை, எல்லோரும் முணுமுணுக்கிறார்கள்.

என் மனைவி உங்கள் மாலை வகுப்பு மாணவி. பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து நோயாளிகளைப் பெயர் சொல்லி அழைக்கிற வேலை. சின்ன வயதிலிருந்தே பியானோ வாசிப்பாள், ஆனால் எல்லாம் அடுத்தவர்கள் எழுதியது. நாற்பத்தொன்பது வயதில் திடீரென்று, சாவதற்குள் சொந்தமாக ஒன்றை எழுதி வாசித்துவிட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். நான் தடுக்கவில்லை. ஐந்து கோடு போட்ட தாளும் நல்ல பென்சிலும் வாங்கிக் கொடுத்ததே நான்தான்.

வகுப்பு எடுக்கிற டீச்சருக்கு எங்கள் மகள் வயதுதான் இருக்கும். இவளை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். இவள் எதை எழுதிக் கொண்டுபோனாலும் பொறுமையாக வாசித்துப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குக்கா. ஆனா இது உங்களுது இல்ல, எங்கேயோ கேட்டது," என்று திருப்பிக் கொடுத்துவிடுவாள். அப்படித் திரும்பி வந்த தாள்கள் ஒரு அலமாரித் தட்டு நிறைய இருந்தன. மனைவி ஒன்றையும் கிழித்துப் போடவில்லை.

வகுப்பில் சேர்ந்த மூன்றாவது மாதம் ஒரு நாள் வாசித்துக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"என்னங்க, மேல கடைசிக் கட்டை லேசா விலகியிருக்கு. கொஞ்சம் கேட்டுப் பாருங்களேன்."

போய் வலது ஓரத்தில் இருக்கும் அந்தக் கடைசிக் கட்டையை அழுத்திப் பார்த்தேன். டொக் என்று மரம் தட்டுகிற சத்தம். அந்தக் கட்டையில் அவ்வளவுதான் வரும். நான் தொழிலுக்கு வந்த புதிதில் மேல்கோடியில் இருக்கும் நாலைந்து கட்டைகளில் மெல்லிசாக ஒரு ஒலி வரும். இப்போது செய்கிற கம்பிகளில் அந்தத் தரம் இல்லை. எந்த வீட்டுக்குப் போனாலும், எந்தப் பியானோவிலும், மேல்கோடியில் வெறும் மரச்சத்தம்தான்.

"சரியாத்தான் இருக்கு," என்றேன்.

"இல்லங்க, அலையுது. கம்பி ஒண்ணோட ஒண்ணு ஒட்டல."

அலை என்பது என்னுடைய வார்த்தை. ஒரு கட்டைக்குப் பெரும்பாலும் மூன்று கம்பிகள் இருக்கும். மூன்றும் ஒரே சுருதியில் இருந்தால் ஒரே குரலாகக் கேட்கும். ஒன்று மயிரிழை தளர்ந்தாலும் குரல் நடுங்கும், அதைத்தான் அலை என்பேன். கல்யாணமான புதிதில் அவளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவன் நான்.

எனக்குக் கோபம் வரவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும். ஒரே கட்டை, ஒரே அறை, இரண்டு பேர். ஒருவருக்கு அலை கேட்கிறது, இன்னொருவருக்கு இல்லை. அப்படியானால் இருவரில் ஒருவர் காதில் கோளாறு. நான் முப்பத்தோரு வருஷமாகக் காதை வைத்துப் பிழைப்பவன். அவள் பல் வலிக்காரர்களைக் கூப்பிட்டு உட்கார வைப்பவள். இதில் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. பாவம், அவளுக்கு அது தெரியவில்லை என்பதுதான் என் கவலை.

நேரடியாகச் சொன்னால் மனசு நொந்துவிடும். அதனால் அவளாகவே புரிந்துகொள்ளட்டும் என்று விட்டேன். வியாழக்கிழமை மாலை அவள் வகுப்புக்குக் கிளம்பியதும் சுருதிச் சாவியை எடுத்து, நடுப்பகுதியில் ஒரு கட்டையைத் தேர்ந்தெடுத்து, மூன்றில் ஒரு கம்பியை மட்டும் கொஞ்சம் தளர்த்தினேன். கொஞ்சம் என்றால் சாவி நகர்ந்தது கண்ணுக்குத் தெரியாது. மறுநாள் அவள் அந்தக் கட்டையில் வந்து நின்றாள். நான் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "சரியா இருக்கேம்மா," என்றேன். அவள் மறுபடி அழுத்திப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் வாசிக்கத் தொடங்கினாள்.

இரண்டு வாரத்துக்கு ஒரு கட்டை. அவசரப்படவில்லை.

இதற்கிடையில் அவளுக்குச் சொந்தமாக ஒன்று பிடிபட்டுவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை உட்கார வைத்து, "இது யாருன்னு சொல்லுங்க பாப்போம்," என்று வாசித்தாள். இடது கோடியில் ஒரே கட்டை, தட்டுகிறாள், காத்திருக்கிறாள், மறுபடி தட்டுகிறாள். அப்புறம் அடுத்த கட்டை. அதைச் சுற்றி மற்ற விரல்கள் ஏதோ வீட்டு வேலை பார்ப்பது மாதிரி போய்வந்துகொண்டிருந்தன. எனக்குத் தெரியவில்லை என்றேன்.

"நீங்கதாங்க," என்று சிரித்தாள். "தட்டிட்டுக் கேப்பீங்க, தட்டிட்டுக் கேப்பீங்க. இருபத்தேழு வருஷமா அடுப்படியில நின்னுக்கிட்டு நானும் கேக்கறேன்ல. அப்படியே மேல மேல போகும். மேல்கோடிக் கட்டையில ரொம்ப மெதுவா முடியும். மூடி வெக்கிறதுக்கு முன்னாடி கடைசியா அதைத் தொட்டுப் பாப்பீங்களே, அந்த மாதிரி."

டீச்சர் அதைக் கேட்டுவிட்டு, "அக்கா, இதுதான் உங்களுது," என்றாளாம். மனைவி மாடிப்படியில் ஓடி வந்து அதைச் சொன்னாள். அவள் படியில் ஓடி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நானும் சந்தோஷப்பட்டேன். ஆனால் எண்பத்தெட்டு கட்டைகள் இருக்க, அந்த ஒரு கட்டையில் கொண்டுபோய் ஏன் முடிக்க வேண்டும்? குத்திக் காட்டுகிறாள் என்பது புரியாத அளவுக்கு நான் அப்பாவி இல்லை.

அதன் பிறகு கொஞ்சம் கூடுதலாகக் கவனம் எடுத்துக்கொண்டேன். வீட்டில் தாழ்ந்த குரலில் பேச ஆரம்பித்தேன். அவள் "என்ன?" என்று கேட்டால், முதலில் சொன்னதையே சாதாரணக் குரலில் சொல்லிவிட்டு, சத்தம் போட வேண்டியிருக்கிறதே என்பது போல் பெருமூச்சு விட்டேன். அழைப்பு மணியின் நாக்கில் சுருதி வேலைக்கு வைத்திருக்கும் கம்பளித் துணியில் ஒரு துண்டைச் சொருகினேன். பக்கத்து வீட்டுக்காரி, "எவ்வளவு நேரமா அடிக்கிறேன், காதுல விழலையா?" என்று கேட்டாள். அது நான் சொல்லிக் கொடுத்ததில்லை.

பியானோவில் அலையும் கட்டைகள் ஏழு ஆனபோது அவள் காது டாக்டரிடம் போனாள். துணைக்கு நானும் போனேன். பரிசோதித்துவிட்டு, இந்த வயதில் இவ்வளவு நல்ல காது அபூர்வம் என்றார் அவர். "சார், உங்க தொழிலுக்கு நீங்கதான் ஒரு தடவை பாத்துக்கணும். உக்காருங்க, பத்து நிமிஷம்," என்று என்னையும் கூப்பிட்டார். நேரமில்லை என்று மரியாதையாக மறுத்துவிட்டேன். வெளியே வந்ததும் அவளிடம், "அந்த மெஷின் எல்லாம் பேச்சு கேக்குதான்னு பாக்கத்தான்மா. சுருதியெல்லாம் அதுக்குத் தெரியாது," என்றேன். நம்பினாள். என் காதை நம்பித்தான் அவள் இத்தனை வருஷம் தன் காதையே வைத்திருந்தாள்.

அடுத்த மாதம் வேலையை விட்டாள். ஒரு நோயாளியின் பெயரைத் தப்பாகக் கூப்பிட்டுவிட்டாள், அவ்வளவுதான், யாருக்கும் நடப்பது. இவள்தான் பயந்துபோய்க் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டாள். தனியாகச் சாலையைக் கடப்பதை நிறுத்தினாள். தொட்டில் குழந்தையை அவளிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போகிற மகளிடம், குழந்தை அழுதால் அம்மாவுக்குக் கேட்குமா என்று யோசித்துக்கொள் என்றேன். மகள் யோசித்தாள். குழந்தை வருவது நின்றது. ஒரு சாயங்காலம் முழுக்க மனைவி பியானோ ஸ்டூலிலேயே உட்கார்ந்து அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டுதான் அந்த நாட்களில் எங்கேயும் போவாள். எங்கள் இல்லற வாழ்க்கையில் அவ்வளவு நெருக்கமாக நாங்கள் இருந்ததில்லை.

அந்த இசையை மட்டும் அவள் விடவில்லை. அதையும் விட்டிருந்தால் நான் எல்லாக் கம்பிகளையும் ஒரே நாளில் சரிசெய்திருப்பேன். அவளோ அலையும் கட்டைகளை விரட்டாமல் உள்ளே சேர்த்துக்கொண்டாள். அந்த இடங்களில் வேகத்தைக் குறைத்து, கட்டையை அழுத்தியபடியே நடுக்கம் அடங்கும்வரை காத்திருந்தாள். தாளில் அந்த இடங்களுக்குக் கீழே பென்சிலால் ஒவ்வொரு வளைகோடு போட்டிருந்தாள். பதினொரு வளைகோடுகள். பள்ளியில் வாசிக்கும்போது இங்கெல்லாம் ஏன் நிற்கிறீர்கள் என்று டீச்சர் கேட்டிருக்கிறாள். "எனக்கு வீட்ல இங்கெல்லாம் அலையுது, டீச்சர். என் காது அப்படி," என்று சொன்னாளாம். வகுப்பில் அலை கேட்காததற்கும், சத்தமான இடத்தில் காதுக்குத் தெரியாதும்மா என்று நான் காரணம் சொல்லி வைத்திருந்தேன்.

நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் முன்பு என்னிடம் வந்தாள்.

"ஹால் பியானோவை நம்ம வீட்டுது மாதிரியே வெச்சுத் தாங்க. எனக்கு அதுதான் பழக்கம்."

இரண்டும் ஒன்றுதானே என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அதோடு முடிந்திருக்கும். இன்றைக்கு நீங்களும் எனக்குக் கடிதம் எழுதியிருக்க மாட்டீர்கள். ஆனால் நான் சரி என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை உங்கள் அரங்கத்தைச் சாத்திக்கொண்டு நாலு மணி நேரம் வேலை செய்தேன். ஆம், பதினொரு கட்டைகளையும் நான்தான் தளர்த்தினேன். அங்கேயும், வீட்டிலும். குறிப்பு எதுவும் கொண்டுபோகவில்லை. எந்தக் கட்டைக்கு எவ்வளவு அலை, விநாடிக்கு ஒன்றா இரண்டா, எல்லாம் மனப்பாடம். சுருதியைச் சேர்க்க ஊரில் பத்துப் பேர் இருக்கிறார்கள். சொன்ன அளவுக்குப் பிசகாமல் விலக்கிக் காட்ட இன்னொருவன் இல்லை. வாழ்நாளில் நான் செய்த மிக நுணுக்கமான வேலை அது, அதை ஒருவர்கூடக் கேட்டதில்லை. ஒரு அரங்கம் முழுக்க ஆட்கள் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்து, பதினொன்றையும் இன்னொரு முறை அழுத்திப் பார்த்தேன்.

சனிக்கிழமை அவள் மேடையேறி உட்கார்ந்தாள். தொடங்குவதற்கு முன் நடுக்கட்டைகளில் ஒன்றை மட்டும் ஒரு முறை அழுத்தினாள். அலைந்தது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். முன்வரிசையில் டீச்சர் நிமிர்ந்து உட்கார்வது தெரிந்தது. அப்புறம் அவள் வாசித்தாள். நன்றாகவே வாசித்தாள்.

முடிந்ததும் இருவரும் என்னிடம் வந்தார்கள். டீச்சர்தான் கேட்டாள்.

"சார், பியானோவுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலயே. வீட்ல இருக்கிற மாதிரியே வெச்சிருக்கேன். ஒரு கட்டை கூட தப்பாது, வேணும்னா வந்து பாருங்க."

பெருமையோடுதான் சொன்னேன். டீச்சர் என் மனைவியைப் பார்த்தாள். மனைவி என்னைப் பார்த்தாள்.

"வீட்ல எல்லாம் சரியா இருக்குன்னுதானே சொல்லிட்டு இருந்தீங்க," என்றாள்.

அவள் குரலை உயர்த்தவில்லை. "இத்தனை நாளா எனக்கே காது குத்தியிருக்கீங்க," என்றாள். அதற்கப்புறம் இன்னும் தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டாள். உதடு அசைந்தது, எனக்குப் பிடிபடவில்லை. மரியாதைக்குத் தலையை ஆட்டி வைத்தேன். அதைப் பார்த்ததும் டீச்சரின் முகம் மாறியது. மனைவி என் தோளை ஒரு முறை தொட்டுவிட்டு, மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். தனியாகவே சாலையைக் கடந்து போனாள்.

மகள் மறுநாள் செய்தி அனுப்பினாள். "அந்தக் கடைசிக் கட்டை உங்களுக்குக் கேக்கவே இல்லையா, அதை என்கிட்ட சொல்லியிருக்கலாமேன்னு அம்மா கேட்டாங்களாம். நீங்க ஆமான்னு தலையாட்டினீங்களாம். அப்பா, பாப்பாவைத் தினமும் அம்மாகிட்டதான் விடறேன். நீங்க வர வேண்டாம்." இதை மகள் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறாள். விளக்கிப் பதில் எழுதியிருக்கிறேன், இன்னும் வரவில்லை.

அரங்கப் பியானோவை எப்போது வேண்டுமானாலும் வந்து சரிசெய்து தருகிறேன். இனி நான் அதைத் தொடக்கூடாது என்று நீங்கள் முடிவெடுத்தாலும் எனக்கு வருத்தமில்லை. ஒரே ஒரு விஷயம்தான் எனக்கு விளங்கவில்லை. கடைசியில் அவள் வலது கையை நீட்டிச் சுண்டுவிரலால் மேல்கோடிக் கட்டையை அழுத்தினாள். டொக் என்றது. அவ்வளவுதான். ஆனால் அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டு எதையோ கேட்பது போல் உட்கார்ந்திருந்தது. எனக்கு முன்னால் இருந்த பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். பதினொரு வருஷமாக அந்தப் பியானோவைப் பார்த்துக்கொள்கிறவன் சொல்கிறேன் அம்மா, அந்தக் கட்டையில் சத்தமே கிடையாது. அன்றைக்குக் கைதட்டிய அத்தனை பேரையும் ஒரு முறை காது டாக்டரிடம் அனுப்பிப் பார்ப்பது நல்லது.