மேட்டின் உச்சியில் கிடந்த கல்

செந்துறைப் பக்கத்து ஓடைகளில் செருப்போடு இறங்குவது வீண் வேலை, இன்ஸ்பெக்டர் சார். ஐப்பசி மழை பெய்துவிட்டால் களிமண் காலை விடாது. வருஷா வருஷம் கல்லூரிப் பையன்களை அங்கே அழைத்துப் போகிறேன். செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கச் சொல்வதே நான்தான். அன்றைக்கு என்னவோ நானே மறந்துபோனேன்.

நடந்துகொண்டே பேசுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உட்கார்ந்தால் காதுக்குள் ஏதோ தட்டுகிறது.

ஒரு கல்லுக்காகவா இவ்வளவும் என்று கேட்டீர்கள். கல்லுக்கு ஜாதகம் கிடையாது சார். அடியில் கிடக்கும் அடுக்கு முந்தியது, மேலே கிடப்பது பிந்தியது. உள்ளே எந்தப் பிராணி செத்துக் கல்லாகிக் கிடக்கிறது என்று பார்த்து அடுக்கின் வயதைச் சொல்வோம். ஆட்டுக்கொம்பு மாதிரி சுருண்ட அம்மோனைட் என்ற கடல் பிராணி ஆறரைக் கோடி வருஷத்துக்கு முன்னால் பூண்டற்றுப் போயிற்று. அதற்குப் பிந்திய அடுக்கில் அதைக் கண்டவர் யாருமில்லை. நான் கண்டேன். சின்னம்மாள் என்ற விவசாயியின் கொல்லையில், சீமைக்கருவேல் மண்டிய மேட்டின் உச்சியில், சேதமில்லாமல் ஒன்று கிடந்தது. அந்தக் கொல்லை முழுக்கப் பிந்திய அடுக்கு.

அந்தப் பிராணி நாம் நினைத்ததைவிட அதிக காலம் பிழைத்திருந்தது என்று கட்டுரை எழுதினேன். கல்கத்தாவில் பெரிய பெரிய ஆட்கள் வந்து கைகொடுத்தார்கள். அடுத்த மாதம் ஐதராபாத் மாநாட்டில் பேச வேண்டும். அழைப்பிதழில் என் பேரை அச்சடித்தே விட்டார்கள்.

கொளஞ்சியப்பன் என்னிடம் படித்து, என் துறைக்கே வேலைக்கு வந்தவன். தங்கமான பிள்ளை. அவன் சும்மா இருக்காமல் சின்னம்மாளிடம் போய்ப் பேச்சுக் கொடுத்திருக்கிறான். அது மேடே இல்லையாம். அவள் மாமனார் கிணறு வெட்டியபோது கொட்டிய மண்ணாம். கிணற்று மண் தலைகீழாகக் குவியும் சார். முதலில் வெட்டிய மேல்மண் அடியில் போகும், கடைசியில் வெட்டிய அடிமண் உச்சியில் வந்து உட்காரும். ஆக, என் கல் கிணற்றின் அடியிலிருந்து, அது இருக்க வேண்டிய பழைய அடுக்கிலிருந்தே வந்திருக்கிறது. முதல் வருஷப் பையன்கூடச் செய்யாத தப்பு. 

“தப்புன்னு நாமளே எழுதிப் போட்டுடலாங்க சார். மத்தவன் கண்டுபிடிச்சா அசிங்கமாப் போயிடும்” என்றான். நாம் என்றான், பாருங்கள். ஐதராபாத் முடியட்டும் என்றேன். அதுவரை பொறுக்கிறது சரியில்லைங்க என்று தலையைச் சொறிந்தான்.

கிணற்று அடுக்கை ஓடைக் கரையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம் என்று கூட்டிப் போனேன். கரையின் அடியை மழை அரித்திருந்தது. மேலே சுண்ணாம்புப் பாறை நீட்டிக்கொண்டு நின்றது. அடியில் குனிந்து களிமண்ணில் ஒரு துண்டு வெட்டி எடுக்கச் சொன்னேன்.

“விழுந்துடுமோ சார்?” என்று கேட்டான்.

கோடிக்கணக்கான வருஷமாக நிற்பது இன்றைக்கா விழப்போகிறது என்றேன். சிரித்துவிட்டுக் குனிந்தான். நான் எதையும் தொடவில்லை. இன்னும் கொஞ்சம் உள்ளே வெட்டு, இன்னும் கொஞ்சம் உள்ளே என்று மட்டும் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டிருந்தேன். பாறை முனகியதும் பின்னால் தாவினேன். ஒரு செருப்பு களிமண்ணிலேயே நின்றுவிட்டது.

கரை அப்படியே அவன்மேல் சரிந்தது. அவன் உடனே சாகவில்லை. உள்ளேயிருந்து சுத்தியலால் பாறையைத் தட்டினான். எட்டத்தில் ஆடு மேய்ப்பவர்கள் இருந்தார்கள், ஒரு குரல் கொடுத்தால் ஓடிவந்திருப்பார்கள். நான் எதிர்க்கரையில் உட்கார்ந்தேன். தட்டல் நிற்கிறவரைக்கும் உட்கார்ந்திருந்தேன். ஆறரைக் கோடி வருஷத்தில் ஒரு மத்தியானம் எந்த மூலைக்கு?

அப்புறம்தான் செந்துறைக்கு ஓடினேன். நான் வந்து பார்க்கும்போதே கரை சரிந்து கிடந்தது என்றேன். எல்லோரும் நம்பினார்கள். அவன் மனைவி ராசாத்தி என் காலைப் பார்த்துவிட்டு, “எங்க வூட்டுக்காரருக்காக ஒத்தைச் செருப்போட ஓடியாந்திருக்கீங்களே சார்” என்று அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, பொய்யில்லை.

மண்ணை அள்ளும்போதாவது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருப்புக்கொள்ளாமல் உங்களுக்குப் பாடம் நடத்தினேன், அடியில் கிடப்பது முந்தியது என்று. நீங்களும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டீர்கள். அவன் காலடியில் அந்தச் செருப்பு கிடைத்ததும் கையில் எடுத்து வைத்துக்கொண்டு கேட்டீர்கள்: “கரை சரிஞ்சதுக்கு அப்புறம் வந்தவரோட செருப்பு, சரிஞ்ச மண்ணுக்கு அடியில எப்படிங்க சார்?”

சரியான கேள்வி. என் மாணவன் கேட்டிருந்தால் தட்டிக்கொடுத்திருப்பேன்.

அவனைக் கொன்றது நான்தான். தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். அந்தக் கிணற்று விஷயத்தை மட்டும் எழுத வேண்டாம், ஐதராபாத்தில் தப்பாக நினைத்துக்கொள்வார்கள். கல் உச்சியில்தான் கிடந்தது சார், என் கையாலேயே எடுத்தேன்.