தேதி போட்ட கறுப்புத் தாள்கள்

என் கணவர் சட்டைக் காலரில் ஒரு பொட்டு அழுக்கைக்கூடப் பொறுக்க மாட்டார். நீங்கள் அவரை ஒழுங்கில்லாத ஆள் என்று நினைத்துவிடக் கூடாது, ஐயா. அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

காற்றில் புகையும் தூசியும் எவ்வளவு என்று அளப்பது அவர் வேலை. அலுவலக மொட்டை மாடியில் ஓர் இயந்திரம் நாள் முழுவதும் காற்றை உறிஞ்சும். உள்ளே ஒரு வெள்ளைத் தாள் இருக்கும். மறுநாள் காலை அதைக் கழற்றி, எடை போட்டு, தேதி எழுதி, உறையிலிட்டுத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவார். தாள் கறுத்திருந்தால் காற்று கெட்டது. அவ்வளவுதான் சூட்சுமம்.

எங்கள் மகளுக்கு ஆறு வயது. மூச்சு இளைப்பு உண்டு. அறுவடை முடிந்து வயல்களில் வைக்கோலைக் கொளுத்தும் நாட்களில் அவரைக் கேட்டுத்தான் அவளை வெளியே விடுவேன்.

"காத்து சுத்தமா இருக்கு. நானே எடை போட்டுப் பாத்தேன். புள்ளய அடைச்சு வெக்காத, ஓடியாடட்டும்" என்பார். கட்டினவரை நம்பாமல் தெருவில் போகிறவனையா கேட்பேன்?

போன அறுவடையில் ஒரு நாள் அப்படித்தான் விட்டேன். சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே என் மடியில் அடங்கிவிட்டாள்.

மூன்று மாதம் கழித்து அவள் துணிகளைப் பரணில் வைக்கப் போனேன். அங்கே ஒரு தகரப் பெட்டி. உள்ளே கறுத்த தாள்கள். தலைமை அலுவலகத்துக்குப் போனதெல்லாம் லேசாகத் தூசி தடவிய புதுத் தாள்கள் என்று அப்போதுதான் புரிந்தது. வேறு யாராக இருந்தாலும் இவற்றைக் கிழித்துப் போட்டிருப்பார்கள். இவருக்குத் தொழில் புத்தி விடவில்லை. ஒவ்வொன்றிலும் தேதியும் எடையும் எழுதி அடுக்கியிருந்தார். மகள் போன நாளின் தாள்தான் இருப்பதிலேயே கறுப்பு.

கேட்டேன்.

"அண்ணன் வயல்ல வெச்ச தீ அது. அளவு ஏறினா நேரா அவர்கிட்டதான் வருவாங்க. கூடப் பொறந்தவர எப்படிக் காட்டிக் குடுப்பேன்?"

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"உன் வாயில எது நிக்கும்?" என்றார்.

வேலியே பயிரை மேய்ந்த கதை. பதினோரு வருஷம் அந்த ஆளின் காலரைத் தேய்த்துத் துவைத்திருக்கிறேன். வயிறு எரிந்தது, மறைக்க மாட்டேன். ஆனால் சண்டை போடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்குக் காய்ச்சல். மாத்திரை போட்டுக்கொண்டு அடித்துப் போட்டது போல் தூங்கினார். அவர் அண்ணன் வயலிலிருந்தே ஒரு கட்டு வைக்கோல் கொண்டுவந்தேன். இரும்பு விறகடுப்பை அவர் படுத்திருந்த அறையில் வைத்து, ஈர வைக்கோலைத் திணித்துப் பற்றவைத்தேன். ஜன்னலைச் சாத்தி, கதவை வெளியே தாழிட்டேன். இரண்டு முறை தட்டினார். என் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார். நான் வாசலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

அந்த அடுப்பு ஏது என்று கேட்கிறீர்கள். வீட்டில் தினமும் எரிகிற அடுப்புதான். கேஸ் அடுப்பு மேடையில் சும்மா கிடந்தது. விறகில் வெந்தால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும். மகளையும் பக்கத்திலேயே உட்காரவைத்துத்தான் சமைப்பேன். அவளுக்கு முதல் முறை மூச்சு முட்டியபோது டாக்டர், "வீட்ல விறகு எரிக்கிறீங்களாம்மா?" என்று கேட்டார்.

"இல்லங்க" என்றேன்.

அது வேறு, ஐயா. பொய்யை எழுதி வைத்தவர் அவர்தானே.