மூட்டையில் போன சருகு

— மறுபடியும் சருகை மரத்தடியிலயே குவிச்சு வெச்சிருக்கே! நான் இந்தக் குடியிருப்புக்குச் செயலாளரா, இல்ல உனக்கு எடுபிடியா?

— செயலாளர்தான் சார். காலங்காத்தால கத்தறதுலயே தெரியுதே.

— வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. பெருக்கணும், மூட்டை கட்டணும், லாரியில ஏத்தணும். அவ்வளவுதான் உன் வேலை.

— ஏத்தி ஏத்தித்தான் மரம் இந்தக் கதியில நிக்குது. உச்சி வழுக்கையாயிடுச்சு பாருங்க. உங்களுக்காவது வயசாச்சு, அதுக்கு என்ன கேடு?

— அதுக்குத்தான் வெளிநாட்டு உரம் வரவழைச்சிருக்கேன். பத்து மூட்டை!

— அடடா! மண்ணுல எடுத்த சத்தைத்தான் அது இலையில வெச்சிருக்கு. இலை விழுந்து, மக்கி, மண்புழு தின்னு, மறுபடி வேருக்கே போயிடும். நீங்க என்னடான்னா, சாப்பிட உக்காந்தவன் தட்டைப் புடுங்கிட்டு, ஐயோ இளைச்சுட்டானேன்னு டானிக் வாங்கிட்டு வர்றீங்க.

— பாடம் நடத்தாதே. நாளையிலேருந்து நீ வேலைக்கு வர வேண்டாம். என் பல்செட் போனப்பவே உன்னை அனுப்பியிருக்கணும்.

— இதே மரத்தடியில என்னைத் திட்டிக்கிட்டே தும்மினீங்க. மேல்செட்டு பறந்துச்சு. அதுக்கு நானா பொறுப்பு?

— பறந்து சருகுக்குள்ள விழுந்துச்சு. பெருக்கினது நீ. தங்கப்பல் வெச்ச செட்டு, கால் முளைச்சா போகும்?

— உடனே சருகை மூட்டை கட்டி லாரியில ஏத்துன்னு குதிச்சது யாரு? ஒரு வருஷமா மாடிக்கு மாடி என்னைப் பல்லுத்திருடிங்கறாங்க சார். எவ்வளவு வலிக்குது தெரியுமா? என் வாயில முப்பத்திரண்டும் இருக்கு, உங்க பல்லை வெச்சு நான் என்ன கடிக்கப் போறேன்?

— போதும், போதும். போறதுக்கு முன்னால ஒரு உர மூட்டையைப் பிரிச்சு மரத்துக்குப் போட்டுட்டுப் போ.

— போடுறேன். ஆமா, இதை இறக்கிட்டுப் போனது நம்ம சருகை ஏத்துற அதே லாரிதானே?

— லாரின்னா நாலு இடத்துக்குப் போகும். மூட்டையில என்ன எழுதியிருக்குன்னு படி. கடல் கடந்து வந்த சரக்கு!

— கடல் கடந்து வந்தும் சலிக்கக்கூட இல்லையே. ஒரே குச்சியும் கல்லும்... இருங்க, இது கல்லு இல்ல.

— பின்ன என்ன? ஏன் அப்படி முழிக்கிறே? கையைக் காட்டு!

— கடல் கடந்து வந்த சரக்குதான் சார். தங்கப்பல்லோட உங்களைப் பார்த்துச் சிரிக்குது.